குளக்கட்டில் மரம் நடலாமா?

மரநடுகைக்கு இடம் தேடுகிறவர்களின் கண்ணில் குளக்கட்டு உடனே படும். அங்கே ஈரம் உண்டு, வெளி உண்டு, வீதியால் போவோர் பார்ப்பார்கள், படம் எடுத்தாலும் எடுப்பாக இருக்கும். வன்னியின் பழைய கமக்காரரைக் கேட்டால் வேண்டாம் என்பார். மண் அணை பற்றிப் படித்த பொறியியலாளரும் அதையே சொல்வார். மரத்தின் வேர் கட்டுக்குள் இறங்குகிறது. மரம் பட்டுப்போனால் வேர் உக்கி, அது ஓடிய தடம் வெறுங்குழாயாக மிஞ்சுகிறது. மார்கழியில் நீர்மட்டம் ஏறும்போது அந்தக் குழாய் வழியே கசிவு தொடங்கும். கசிவு மண்துகளை இழுத்துக்கொண்டு போகும், துளை பெருக்கும், விடிவதற்குள் கட்டு உடைந்துவிடலாம். மண் அணைகள் உடைவதற்கு உலகெங்கும் காட்டப்படும் முதன்மைக் காரணங்கள் இரண்டு: நீர் மேலால் வழிவது, உள்ளால் அரிப்பது. அதனால்தான் காலபோகத்துக்கு முன் கட்டிலுள்ள பற்றை வெட்டப்படுகிறது, புற்று தோண்டி அடைக்கப்படுகிறது, எலி வளைகள் தேடப்படுகின்றன. கட்டில் புல் நிற்கலாம். மரத்துக்கு உரிய இடம் அலைகரைக்கு மேலே, நீரேந்து பகுதியில்.

பொறியியலில் ‘பசுமை வடிவமைப்பு’ என்று பேசுவதை இந்தச் சிறு முரணிலிருந்து தொடங்குவது நல்லது. ஒரு கட்டுமானம் பசுமையானதா என்பதை அது கட்டப்பட்ட பொருளை வைத்தோ, திறப்புவிழா நாளில் அது காட்டும் தோற்றத்தை வைத்தோ முடிவு செய்ய இயலாது. இருபது வருடம் கழித்து அதைப் பழுதுபார்க்கப்போவது யார், எந்தப் பொருளால், யாருடைய காசில் என்று கேட்க வேண்டும். துணுக்காய்ப் பகுதி இந்தக் கேள்வியைப் பலமுறை எதிர்கொண்டிருக்கிறது.

ஏ-9 வீதியில் மாங்குளத்தில் மேற்கே திரும்பி மல்லாவி வழியாக வெள்ளாங்குளம் போகும் பாதையில் துணுக்காய் வருகிறது. முல்லைத்தீவு மாவட்டத்தின் மேற்குப் புறம். அம்பலப்பெருமாள்குளம், கோட்டைகட்டியகுளம், தென்னியன்குளம், உயிலங்குளம், ஆலங்குளம் என்று இங்கே ஊரும் குளமும் பெரும்பாலும் ஒன்றுதான். தெற்கே, மாந்தை கிழக்கில், பாலியாற்றை மறித்த வவுனிக்குளம் இருக்கிறது. பிரித்தானியர் காலத்து நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஹென்றி பார்க்கர், 1909 இல் வெளிவந்த பண்டைய இலங்கை பற்றிய நூலில், மகாவம்சம் சொல்லும் பேளிவாபி இதுவே என்று அடையாளம் கண்டார். நாட்டின் மிகப் பழைய பெருங்குளங்களுள் ஒன்றாகவும் இதை வைத்தார்.

இந்தப் பழமையைச் சொல்லி நெஞ்சு நிமிர்த்தும் கட்டுரைகள் நம்மிடம் நிறைய உண்டு. அவை ஒன்றை மறந்துவிடுகின்றன. வவுனிக்குளம் பல நூற்றாண்டுகள் உடைந்து, காடு மூடிக் கிடந்தது. 1950களில்தான் மீண்டும் கட்டப்பட்டு, அதன் கீழ்க் குடியேற்றத் திட்டம் வந்தது. 1895 இல் ஜே. பி. லூயிஸ் எழுதிய வன்னி மாவட்டக் கையேடும் பாழடைந்த குளங்களையும் ஆளில்லாத ஊர்களையும் பற்றி நிறையப் பேசுகிறது. கட்டிய மண் அதே மண், பெய்த மழையும் ஏறக்குறைய அதே மழை. போர், நோய், ஆள் இடம்பெயர்வு என்று ஏதோ ஒன்றினால் பராமரிக்கும் கை இல்லாமற் போனபோது குளமும் போயிற்று. பிரித்தானிய அரசு 1832 இல் இராஜகாரியம் என்ற கட்டாய ஊழியத்தை ஒழித்தது. அது மனித உரிமைக்கு நல்லது. ஆனால் குளம் திருத்தும் கூட்டு வேலைக்கு அதன் இடத்தில் வேறொன்றை வைக்காமலே ஒழித்தது. கால்நூற்றாண்டு கழித்து 1856 இல் நெல்வயல் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டத்தைக் கொண்டுவந்து பழைய வழக்காறுகளுக்கு உயிர் கொடுக்கப் பார்த்தார்கள். நீர்ப்பாசனத் திணைக்களம் 1900 இல் வந்தது.

அமெரிக்காவில் போல் அனஸ்டாஸ், ஜூலி சிம்மர்மன் இருவரும் 2003 இல் பசுமைப் பொறியியலின் பன்னிரண்டு கோட்பாடுகளை வெளியிட்டார்கள். பொறியியல் மாணவர்கள் பலரும் இன்று படிக்கும் பட்டியல் அது. அதிலுள்ள மூன்று கோட்பாடுகள் வன்னிக் குளத்தைப் பார்த்து எழுதியதுபோல இருக்கின்றன. தேவைக்கு ஏற்ற அளவில் கட்டு, மிகைத் திறனைத் தவிர் என்கிறது ஒன்று. அந்த இடத்திலேயே ஓடும் பொருளையும் ஆற்றலையும் பயன்படுத்து என்கிறது இன்னொன்று. மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது: குறித்த காலத்துக்கு உழைப்பதை இலக்காக வை, சாகாவரத்தை அல்ல. குளக்கட்டு அந்த இடத்து மண். துரிசால் நீரை இறக்குவது புவியீர்ப்பு. மிகுநீருக்கு வான் இருக்கிறது. ஆண்டுக்கொருமுறை தேயும், ஆண்டுக்கொருமுறை திருத்தலாம். ஆயினும் திருத்துபவர் யார் என்ற கேள்விக்கு அந்தப் பன்னிரண்டில் தனி இடமில்லை. ஆலையில் செய்து விற்கும் பொருளை மனதில் வைத்து எழுதியவர்களிடம் அதை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

சிறுகுளம் ஒன்றின் நீர்க்கணக்கைக் கொஞ்சம் விரித்துப் பார்ப்போம். பொறியியலும் சமூகமும் எங்கே சிக்கிக்கொள்கின்றன என்பது இங்கேதான் தெரியும்.

வன்னிக்கு மழையின் பெரும்பங்கு ஐப்பசி முதல் தை வரையான வடகீழ் பருவத்தில் வருகிறது. குளம் நிறைந்து காலபோகம் முடிந்தபின், மாசி நடுவிலிருந்து ஆடி வரை ஏறத்தாழ 150 நாள் வெயிலும் காற்றும். உலர்வலயத்தில் திறந்த நீர்ப்பரப்பு நாளொன்றுக்குச் சராசரி 5 மில்லிமீற்றர் அளவில் ஆவியாகிறது என்று கொண்டால், அந்தக் காலத்தில் மட்டும் 75 சென்ரிமீற்றர் போய்விடும். பருவத் தொடக்கத்தில் குளத்தின் சராசரி ஆழம் ஒன்றரை மீற்றராக இருந்தால், பாதி நீர் வானத்துக்கு. பாதிக் குளத்தை வைத்துச் சிறுபோகம் செய்ய முடியாது என்பதால்தான் பெரும்பாலான சிறுகுளங்களின் கீழ் ஒரு போகமே நடக்கிறது.

இதைப் பார்க்கும் எவருக்கும் உடனே தோன்றும் தீர்வுகள் இரண்டு: கட்டை உயர்த்துவது, குளத்தைத் தோண்டுவது. இரண்டிலும் பொறி இருக்கிறது.

வன்னி நிலத்தின் சாய்வு மிகச் சிறிது. கட்டையும் வானையும் ஓரடி உயர்த்தினால் நீர் ஆழமாவதைவிட அகலமாகப் பரவும். அகன்ற நீர்ப்பரப்பு இன்னும் அதிகம் ஆவியாகும். பரவும் நீர் மேலேயுள்ள வயலையும் மேய்ச்சல் தரையையும் மூடும். மேலே இன்னொரு குளம் இருந்தால் அதன் கட்டின் அடிவரை போகும். தோண்டுவதிலும் ஓர் எல்லை இருக்கிறது. துரிசின் அடிமட்டத்துக்குக் கீழே எவ்வளவு தோண்டினாலும் அந்த நீர் தானாக வாய்க்காலுக்கு இறங்காது. மாட்டுக்கும் மீனுக்கும் நிலத்தடி நீருக்கும் அது உதவும், வயலுக்கு இறைத்துத்தான் எடுக்க வேண்டும். இதைவிட மோசமானது, பெக்கோ இயந்திரம் குளத்தின் அடியில் பல தலைமுறையாகப் படிந்த நுண்களியைக் கிழித்துவிடுவது. அந்தக் களிதான் நீரைத் தாங்கும் பாய். அது போனால் குளம் ஆழமாகி, நீர் நில்லாததாகிவிடும். வண்டலை எங்கே, எந்த ஆழத்துக்கு எடுக்கலாம் என்பதை மண் பார்த்துச் சொல்ல வேண்டும். ஒப்பந்தமோ அகற்றிய மண்ணின் கன அளவுக்குக் காசு கொடுக்கிறது. எடுத்த மண்ணுக்குக் காசு என்றால் மண் எடுக்கப்படும்.

குளம் தனியாகவும் இருப்பதில்லை. பேராசிரியர் மத்தும பண்டார 1985 இல் எழுதிய ஆய்வுக்குப் பிறகு, ஒரே சிற்றாற்றுப் படுகையில் மேலிருந்து கீழாகக் கோத்துக் கிடக்கும் குளங்களைத் தொடர்குளங்கள் என்ற ஒரே அமைப்பாகப் பார்க்கும் வழக்கம் வந்தது. மேற்குளத்து வயலில் பாய்ந்து வடியும் நீர் கீழ்க்குளத்துக்கு வரத்து. இலங்கை உலர்வலயத்தின் இந்தத் தொடர்குள முறையை ஐ.நா. உணவு, விவசாய நிறுவனம் 2017 இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த விவசாய மரபாக ஏற்றது. ஒன்றின் கழிவை இன்னொன்றின் மூலப்பொருளாக்குவது என்று பசுமைப் பொறியியல் நூல்கள் இன்று பெருமையாகச் சொல்வது, தொடர்குளத்தில் நிலத்தின் சாய்வைக்கொண்டே நடந்துவிடுகிறது.

ஆனால் நிருவாகம் தொடராக இல்லை. 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி, 80 ஹெக்டேயருக்கு உட்பட்ட வயலுக்கு நீர் தரும் சிறுகுளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் வருகின்றன. பெரியவற்றை நீர்ப்பாசனத் திணைக்களங்கள் பார்க்கின்றன. மேற்படுகைக் காடு வனத் திணைக்களத்துக்கு. ஆகவே ஒரே ஓடையில் கிடக்கும் மூன்று குளங்களுக்கு இரண்டு அலுவலகம், மூன்று கோப்பு. மேற்குளத்தை உயர்த்தும் திட்டத்தில் கீழ்க்குளத்தின் வரத்து கணக்கில் சேருவதில்லை. மழை குறைந்த ஆண்டில் கீழே நீர் போய்ச் சேராது. மழை மிகுந்த ஆண்டில் மேலே உடைந்தால் அந்த வெள்ளம் கீழுள்ளவற்றையும் வரிசையாக உடைத்துக்கொண்டு போகும்.

பெருங்குளத்திலும் இதே கணக்குத்தான், அளவுதான் பெரிது. கிளிநொச்சியில் கனகராயன் ஆற்றை மறித்த இரணைமடுவின் வேலை 1902 இல் தொடங்கி 1920களில் முடிந்தது. பிறகு 1950களைச் சுற்றியும் 1970களிலுமாக மூன்று தடவை உயர்த்தினார்கள். கொள்ளளவு 131 மில்லியன் கன மீற்றர் அளவுக்கு வந்தது. போருக்குப் பிந்திய திருத்தத்தில் நீர்மட்டம் 34 அடியிலிருந்து 36 அடியாயிற்று. அதே குளத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் குடிநீர் கொண்டுபோகும் திட்டம் 2010 இல் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனோடு வந்தபோது கிளிநொச்சிக் கமக்காரர் எதிர்த்தார்கள். சிறுபோகத்தில் தங்கள் வயல் முழுவதையும் விதைக்கவே நீர் போதாமல் பங்கிட்டு விதைக்கிறவர்கள் அவர்கள். கடைசியில் யாழ்ப்பாணத்தின் தேவைக்காகத் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் கட்டப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர். கடல்நீரை அழுத்தத்தால் வடிகட்ட மின்சாரம் நிறையத் தேவை, எனவே காபன் கணக்கில் அது தோற்கும். ஆனால் மேற்படுகை ஒன்றுதான், அதற்குள் பெய்யும் மழையும் ஒன்றுதான் என்று கமக்காரர் சொன்னது நீரியலில் சரியானது. கட்டின் உயரத்தை மனிதர் கூட்டலாம், வரத்தைக் கூட்ட முடியாது. 2018 மார்கழியில் மறுபக்கமும் தெரிந்தது. ஒரே இரவில் கொட்டிய மழையில் இரணைமடு வான்கதவுகள் திறக்கப்பட, கிளிநொச்சியின் தாழ்நிலங்களில் வெள்ளம் புகுந்தது. கதவுகள் எப்போது, எவ்வளவு திறக்கப்பட்டன என்பது பெரும் சர்ச்சையாயிற்று. கதவு வைத்த அணையின் பாதுகாப்பு, கதவைத் திறக்கும் முடிவை எடுப்பவரிடம் இருக்கிறது. கதவில்லாத பழைய கல் வானுக்கு முடிவெடுக்கும் ஆள் தேவையில்லை.

வாய்க்கால்களுக்குக் கொங்கிறீற்று பூசுவது குறித்தும் ஒரு வார்த்தை. கசிவு குறையும், கடைசி வயலுக்கு நீர் விரைந்து சேரும், அதெல்லாம் உண்மை. ஆனால் அந்தக் கசிவை நம்பி வாய்க்காலோரத்தில் கிணறுகள் இருந்தால், அங்கே ‘இழப்பு’ என்று எழுதிய நீர் ஒரு வீட்டின் வேனிற்காலக் குடிநீர். பூசுவதற்கு முன் கிணறுகளை அளக்க வேண்டும்.

துணுக்காயும் மல்லாவியும் 2008 ஆவணி, புரட்டாசியில் போரில் வெறிச்சோடின. 2009 இறுதியில் மீள்குடியேற்றம் தொடங்கியபோது திரும்பியவர்களுக்குக் கூரையில்லாச் சுவர்களும் உடைந்த அஸ்பெஸ்டஸ் தகடுகளும் மிஞ்சியிருந்தன. அந்தத் தகட்டின் தூசு நுரையீரலுக்கு எமன். கட்டும்போது மலிவு என்று போட்ட பொருளை, உடைந்தபின் எங்கே புதைப்பது என்று எந்த வடிவமைப்பாளரும் யோசித்திருக்கவில்லை. இலங்கை அஸ்பெஸ்டஸ் இறக்குமதியைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக அறிவித்திருந்தது. 2017 மார்கழியில், அஸ்பெஸ்டஸ் விற்கும் நாடான ரஷ்யா, வண்டு இருந்ததாகச் சொல்லி இலங்கைத் தேயிலையைத் தடுத்தது. அஸ்பெஸ்டஸ் தடை தள்ளிப்போடப்பட்டது, தேயிலைத் தடையும் சில நாளில் நீங்கியது. ஒரு வன்னி வீட்டின் கூரை எதனால் ஆகும் என்பதை மொஸ்கோவும் தீர்மானிக்கிறது.

போருக்குப் பின் வந்த வீட்டுத்திட்டங்களை இதே உரைகல்லில் உரசலாம். இந்திய வீட்டுத்திட்டத்தின் பெரும் பகுதி 2012 ஐப்பசியில் தொடங்கியது. வீடொன்றுக்கு 5,50,000 ரூபா, தவணை தவணையாகப் பயனாளியின் கையில். கட்டுவதும் மேற்பார்ப்பதும் வீட்டுக்காரரே. பணம் போதவில்லை, பலர் கடன்பட்டார்கள், ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு மணல் தேவைப்பட்டதால் ஆற்றுப்படுகைகள் தோண்டப்பட்டன. இவ்வளவு குறைகளோடும் அந்த வீடுகளுக்கு ஒரு பலம் உண்டு. சுவர் வெடித்தால் உள்ளூர் மேசன் சரிசெய்வார், பிள்ளை கலியாணம் கட்டினால் பக்கத்தில் ஓர் அறை இறக்கலாம்.

2015, 2016 அளவில் வேறொரு யோசனை வந்தது. ஆர்சலர் மிட்டல் நிறுவனத்தின் ஆயத்த உருக்கு வீடுகள், 65,000. வீடொன்று ஏறத்தாழ 21 இலட்சம் ரூபா. அதே காசில் இரண்டு கல்வீடு கட்டலாமே என்று வடக்கிலும் கொழும்பிலும் பொறியியலாளரும் பொருளியலாளரும் கேட்டார்கள். வெப்பம், துரு, பழுதுபார்க்கும் பொருள் உள்ளூரில் கிடையாமை, உள்ளூர்த் தொழிலாளிக்கு வேலையில்லாமை என்று எதிர்ப்பு வலுத்தது. கடைசியில் திட்டம் கைவிடப்பட்டது. விரைவு என்ற ஒன்றையே தகுதியாக வைத்துக்கொண்டு வந்த வடிவமைப்பு அது. வீடில்லாதவருக்கு விரைவு பெரிய விடயம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சர்ச்சை ஓய்வதற்குள்ளேயே கல்வீடுகள் எழுப்பியிருக்கலாம்.

சீமெந்துக் கல்வீடும் பசுமையில் முழுப்புள்ளி வாங்காது. உலகின் காபனீரொட்சைட்டு வெளியேற்றத்தில் 7, 8 வீதம் சீமெந்தால் வருகிறது. சுண்ணக்கல்லைச் சூளையில் சுடும்போது எரிபொருளிலிருந்து மட்டுமன்றிக் கல்லிலிருந்தே அந்த வாயு வெளியேறுவதால், அடுப்பைச் சூரியசக்தியில் எரித்தாலும் பிரச்சினை பாதியளவுதான் தீரும். காங்கேசன்துறை ஆலை 1990 இல் நின்றுபோனபின் வடக்குக்குச் சீமெந்து தூரத்திலிருந்தே வருகிறது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் அரூஸ், ஹல்வத்துர ஆகியோர் உருவாக்கிய மண்கொங்கிறீற்றுக் கல் இங்கே கவனிக்கத் தக்கது. மண்ணிலுள்ள சிறுகல்லும் மணலுமே கொங்கிறீற்றின் சல்லிக்கும் மணலுக்கும் பதிலாக நிற்க, குறைந்தது 4 வீதம் சீமெந்து போதும் என்று அவர்கள் காட்டினார்கள். சரளை கலந்த வன்னியின் கிரவல் மண் அதற்குப் பொருந்தக்கூடியது. கல் நல்லதா என்பது ஆய்வுகூடத்தில் முடிந்துவிடும். மல்லாவிச் சந்தியில் ஒரு மேசன் அதை அச்சில் வார்த்து, உடைந்தால் அதே மண்ணால் பூசுவாரா என்பதில்தான் மீதி இருக்கிறது. மண்வீடு என்றால் வறுமை என்று ஊர் நினைக்கும்வரை எந்த ஆய்வறிக்கையும் பயன்படாது. அந்த நினைப்புக்கு ஊரைக் குறைசொல்லவும் முடியாது. கிடுகுக் கூரைக்கடியில் மழையில் நனைந்தவர்கள் சீமெந்தை விரும்பியது ஆடம்பரத்தால் அல்ல.

மேலிருந்து இறக்கப்பட்ட பசுமை என்ன செய்யும் என்பதையும் வன்னி வயல்கள் கண்டன. 2021 வைகாசியில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது, கார்த்திகையில் தடை நீக்கப்பட்டது. இடையிலிருந்த காலம் நெற்செய்கையின் ஒரு முழுப் போகத்தைக் குலைக்கப் போதுமாயிருந்தது. இயற்கை உரம் கெட்டது என்று இதிலிருந்து கொள்ளத் தேவையில்லை. மாட்டெருவை எங்கே சேர்ப்பது, யார் ஏற்றி இறக்குவது என்ற ஏற்பாடு இல்லாமல் வர்த்தமானியால் மண்ணை மாற்ற முடியாது.

அடுத்த வருடம் எரிபொருள் நெருக்கடி. நீரிறைக்கும் சிறு இயந்திரங்களுக்கு ஊற்றும் மண்ணெண்ணெய் 2022 ஆவணியில் ஒரே நாளில் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாயிற்று. சூரியசக்திப் பம்பிகளின் மீது எல்லாருக்கும் கண் விழுந்தது அதன் பிறகுதான். நியாயமான ஆசை. ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். இறைப்புக்கு இதுவரை கடிவாளமாக இருந்தது எண்ணெயின் விலை. வெயிலுக்கு விலையில்லை என்றால் கிணற்றின் அடிவரை இறைக்கத் தடையில்லை. சூரியப் பம்பி பரவிய இந்திய மாநிலங்களில் நிலத்தடி நீர் பற்றிய கவலை எழுந்ததற்கு இதுவே காரணம். பம்பியோடு நீர்மட்டம் அளக்கும் வழக்கமும் வர வேண்டும்.

அளப்பதற்கு ஆள் இல்லாமலும் இல்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற்பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கிறது. துணுக்காய் அங்கிருந்து ஒரு காலைப்பொழுதில் போய்வரக்கூடிய தூரம். பாலியாற்றுக்கு வரும் ஓடையொன்றில் நான்கைந்து சிறுகுளங்களைத் தெரிந்து, ஒவ்வொன்றிலும் அளவுகோல் நட்டு, கமக்கார அமைப்பின் கையில் ஒரு கொப்பி கொடுத்து, இரண்டு காலபோகம் எழுதிவைத்தால், ஆவியாவது எவ்வளவு, கசிவது எவ்வளவு, மேற்குளம் கீழ்க்குளத்துக்கு விடுவது எவ்வளவு என்பது ஊகமாக இல்லாமல் கணக்காக வரும். ஒரு இறுதியாண்டு மாணவரின் ஆய்வுக்கு இதைவிடப் பெரிய கருவி தேவையில்லை.

இன்னொன்று திட்ட ஆவணங்களில் செய்ய வேண்டியது. குளத் திருத்தத்துக்கான கேள்விப்பத்திரத்தில் மண் வேலை, கல் வேலை, கதவு என்று வரிசையாக விலை கேட்கிறார்கள். அதே பட்டியலில் அடுத்த பத்து வருடத்துக்குக் கட்டில் பற்றை வெட்டவும் புற்று அடைக்கவும் துரிசுக் கதவுக்குக் கிரீஸ் பூசவும் ஆகும் செலவை ஒரு வரியாகச் சேர்த்து, அந்தப் பணத்தை ஒப்பந்தக்காரரிடம் கொடுக்காமல் கமக்கார அமைப்பின் வங்கிக் கணக்கில் போடலாம். வெளிநாட்டு நிதியில் அந்த வரியைச் சேர்ப்பது கடினம். திட்டக்காலம் முடிந்தபின் செலவு எழுதக் கடன் தருவோரின் விதிகள் பெரும்பாலும் இடம் கொடுப்பதில்லை.